ஏழு ஜோடி வட்டங்கள்: ஒரே கேள்வியில் நெருக்கத்தை அளக்கும் கருவி

ஒரு தாள், ஏழு படங்கள், ஒரே ஒரு கேள்வி. ஒவ்வொரு படத்திலும் இரண்டு வட்டங்கள்: இடப்பக்கம் ‘நான்’, வலப்பக்கம் மற்றவர். முதல் படத்தில் வட்டங்கள் பட்டும் படாமலும் நிற்கும். ஏழாவதில் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். அந்த மற்றவரோடு உங்கள் உறவு எந்தப் படம் போல இருக்கிறது என்பதுதான் கேள்வி; பொருந்தும் படத்தைச் சுழித்தால் வேலை முடிந்தது. 1992ல் உளவியல் ஆய்வாளர்கள் ஆர்தர் ஆரான், எலைன் ஆரான், ஸ்மோலன் மூவரும் வெளியிட்ட அளவுகோல் இது. பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்கும் படிவங்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு நல்ல மாற்று.

அசலை ஜெராக்ஸ் எடுத்தால் தொல்லையில்லை. சொந்தமாக வரையும்போதுதான் கெடுகிறது. பலர் ஒரே அளவு வட்டங்களை நகர்த்தி நகர்த்தி வைத்துவிடுகிறார்கள். அசலில் இரண்டு வட்டங்களும் சேர்ந்து அடைக்கும் மொத்தப் பரப்பு ஏழு படங்களிலும் ஒன்றே. ஆகவே மேற்படிதல் கூடக்கூட விட்டமும் கூட வேண்டும். மேற்படிதலும் சம இடைவெளியில் ஏற வேண்டும். இதை விட்டால் ஏழாவது படம் சுருங்கித் தெரியும். நெருங்கினால் ஆள் சிறுத்துப்போவான் என்று படமே சொல்லிக்கொடுத்துவிடும்!

தமிழில் வலது வட்டத்துக்கு என்ன எழுதுவது என்பது சின்ன விஷயமல்ல. ‘அவர்’ என்றால் மரியாதையோடு கொஞ்சம் தூரமும் வந்துவிடும், ‘அவன்’ அல்லது ‘அவள்’ என்றால் உரிமை வந்துவிடும். பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. அந்த நபரின் பெயரையோ, பதில் சொல்பவர் அவரை அழைக்கும் சொல்லையோ எழுதுவதே சரி. ‘நண்பர்’ என்று பொதுவாகப் போட்டால் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு முகம்.

‘இப்போது எப்படி?’, ‘எப்படி இருக்க விரும்புகிறீர்கள்?’ இரண்டையும் தனித்தனித் தாளில் கேளுங்கள். ஒரே தாளில் கேட்டால் ஆசை நிலவரத்தை இழுத்துவிடும். ஜோடியாக நிரப்பினால் ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒருவர் 6, இன்னொருவர் 3 என்றால் சராசரி 4.5 என்று எழுதாதீர்கள்; அது இருவருக்கும் பொருந்தாத எண்.

பெரிய குறை, ஒரு படத்துக்குள் இரு வட்டங்களும் எப்போதும் சம அளவு. யார் யாரை விழுங்குகிறார் என்பது தெரியாது. தினமும் சண்டையில் பின்னிக்கிடப்பவரும் 6ஐச் சுழிக்கலாம். எண்ணைப் பார்த்து ‘நல்ல உறவு’ என்று யாரும் முத்திரை குத்த வேண்டாம்.

மற்றவர் இடத்தில் ஒரு குழுவை வைத்தும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அப்போது கேள்வியில் ‘நாம்’ வேண்டாம், கேட்பவரும் உள்ளே நுழைந்துவிடுவார். ‘உங்கள் குழு’ போதும்.