சம்பளத்தில் லீஸா, வங்கியில் கடனா? பெங்களூரில் கார் எடுப்பவர்களுக்கான கணக்கு

கார் லீஸ் லாபமா என்று யாராவது கேட்டால், முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: லீஸ் உங்கள் நிறுவனம் வழியாகவா, நீங்களே நேரடியாகவா? நேரடி லீஸையும் மாதச் சந்தாவையும் சீக்கிரம் முடித்துவிடலாம். வரி பிடித்தது போகக் கைக்கு வரும் பணத்தில் வாடகை கட்டுகிறீர்கள், அந்த வாடகைக்கு மேல் ஜிஎஸ்டி, கடைசியில் வண்டியும் உங்களுடையது இல்லை. பெங்களூரில் வீட்டை லீஸுக்கு எடுத்தால் கொடுத்த தொகை காலி செய்யும்போது திரும்பி வரும். கார் லீஸில் அப்படி எதுவும் வராது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கென்று வந்து தங்குகிறவர் தவிர மற்றவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

உண்மையான போட்டி, சம்பளத் தொகுப்புக்குள் வரும் கம்பெனி லீஸுக்கும் சாதாரணக் கார் கடனுக்கும்தான். நான் லீஸ் பக்கம், எடுத்ததும் அதுதான். ஆனால் எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சத்துக்குள் இருப்பவருக்குப் புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து வருமான வரியே கிடையாது. வரி இல்லாதவருக்கு லீஸ் வெறும் கூடுதல் செலவு. லீஸ் தொகையைக் கழித்த பிறகும் வரிக்குரிய வருமானம் 24 லட்சத்துக்கு மேல் நிற்பவருக்குத்தான் செஸ் சேர்த்து 31.2% முழுதாக மிச்சமாகும்.

மிச்சமாகும் விதம் இது. லீஸ் நிறுவனம் காரை வாங்கி, நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்துக்கு வாடகைக்கு விடுகிறது. அந்த வாடகை உங்கள் சிடிசியில் (நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்த ஆண்டுத் தொகையில்) ஸ்பெஷல் அலவன்ஸிலிருந்து போகிறது. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாறாது. பிஎஃப், கிராஜுவிட்டியை பேசிக்கை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அவையும் அடிபடாது. வாடகைத் தொகை உங்கள் வருமானத்தில் சேராது. அதற்குப் பதிலாக 'பெர்க்விசிட்' என்று, கம்பெனி தரும் வசதிக்கு வரி விதிகள் வைக்கும் மதிப்பாக, ஒரு சிறு தொகைதான் சேரும். 1962 வருமான வரி விதிகளின் 3ஆம் விதியில் பல ஆண்டுகளாக இருந்த எண்: ஓட்டும் செலவையும் கம்பெனியே ஏற்கும்போது, இன்ஜின் 1.6 லிட்டர் வரை மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400, டிரைவர் செலவையும் கம்பெனி ஏற்றால் கூடுதலாக 900. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், நடப்பு ஆண்டுக்கான எண்ணைப் பேரோலிடம் (சம்பளப் பிரிவிடம்) எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெர்க்விசிட் 1,000 ரூபாய் ஏறினால் 30% அடுக்கில் இருப்பவருக்கு மாதம் 312 ரூபாய் வரி கூடும். கணக்கு அவ்வளவுதான், அது ஏறிவிட்டதென்று மொத்த யோசனையையும் தூக்கிப்போட வேண்டாம்.

ஒரு நிபந்தனை உண்டு. அலுவலக வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்த்துப் பயன்படும் கார் என்று நிறுவனத்தின் கொள்கையில் இருக்க வேண்டும். முழுக்கச் சொந்தப் பயன்பாடு என்றால் வாடகை முழுவதும் வருமானமாகிவிடும். இந்தச் சலுகை பழைய, புதிய வரி முறைகள் இரண்டிலும் செல்லும். எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி), 80சி (சேமிப்புக் கழிவு) எல்லாம் போய்விட்ட புதிய முறையில் மிஞ்சியிருக்கும் சிலவற்றில் இதுவும் ஒன்று.

இனி எண்கள். எக்ஸ்-ஷோரூம் 10 லட்ச ரூபாய்க்கு ஒரு சிறிய பெட்ரோல் கார். கர்நாடகத்தில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 14% வாழ்நாள் வரி, அதைத் தாண்டி 20 லட்சம் வரை 17%, செஸ் தனி. இன்சூரன்ஸும் சேர்ந்து ஆன்-ரோடு 12 லட்சம் என்று வைப்போம். வங்கியில் 12 லட்சத்தையும் 9% வட்டிக்கு 48 மாதக் கடனாக எடுத்தால் ஈஎம்ஐ 29,860 ரூபாய், மொத்தம் 14.33 லட்சம்.

லீஸில் நடப்பது வேறு. சிறிய காரின் விலைக்குள் 18% ஜிஎஸ்டி இருக்கிறது. 10 லட்சத்தில் அது 1.53 லட்சம். லீஸ் நிறுவனம் அதை உள்ளீட்டு வரவாக (தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுத்துக்கொள்வதால் அதன் முதலீடு 10.47 லட்சம்தான். உள்ளே 11% வட்டி, கடைசியில் எஞ்சிய மதிப்பு (லீஸ் முடியும்போது வண்டிக்கு வைக்கும் விலை) 1 லட்சம் என்று போட்டால், 48 மாதத்துக்கு மாத வாடகை 25,400. அதன் மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்து ஏறக்குறைய 30,000. ஈஎம்ஐயும் வாடகையும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்பதால்தான் 'சும்மா கிடைக்கிறது' என்று விற்கிறார்கள். சும்மா இல்லை. கடைசியில் 1 லட்சம் கொடுத்து வண்டியை வாங்க வேண்டும், அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. ஆக வரியை விட்டுப் பார்த்தால் லீஸ் சுமார் 1.23 லட்சம் அதிகம்.

வரியைச் சேர்த்தால் படம் மாறுகிறது. வாடகை 30,000, பெர்க்விசிட் பழைய எண்ணான 1,800. வரிக்குத் தப்பும் 28,200க்கு 31.2% என்றால் மாதம் 8,800 ரூபாய், நான்கு ஆண்டில் 4.22 லட்சம். நிகர லாபம் 3 லட்சத்தை ஒட்டி வரும். பெர்க்விசிட்டை 5,000 என்று வைத்தாலும் மாதம் 7,800 மிச்சம். 20% அடுக்கில் இருப்பவருக்கு நிகர லாபம் 1.6 லட்சத்துக்குச் சுருங்கும். பெட்ரோல், சர்வீஸ் பில்களையும் கம்பெனி வழியாக விட்டால் அதற்கும் இதே விகிதத்தில் வரி மிச்சம். பில்லைப் பத்திரமாக வைத்து மாதாமாதம் ஏற்றுகிற பொறுமை இருந்தால்.

பலர் கவனிக்காத ஒன்று: கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, லீஸ் வாடகைக்குள் ஒளிந்திருக்கும் வட்டிக்கு உண்டு. வாழ்நாள் வரியையும் இன்சூரன்ஸையும் வாடகைக்குள் சேர்த்தால் அந்த 2 லட்சத்துக்கும் 18%, அதாவது 36,000 ரூபாய் வீணாகக் கட்டுகிறீர்கள். வாழ்நாள் வரியைப் பிரிக்க வழியில்லை. இன்சூரன்ஸைத் தனியே கட்ட விடுவார்களா என்று கேளுங்கள். 4 மீட்டருக்கு மேல் நீளமோ பெரிய இன்ஜினோ உள்ள காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40%. வாடகைக்கும் அதே விகிதம். பெரிய எஸ்யூவியை லீஸில் எடுக்கும் யோசனை இந்த இடத்தில்தான் இளைத்துப்போகிறது.

கடனின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே: ஆர்சி (பதிவுச் சான்று) உங்கள் பெயரில், கடனை அடைத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் விற்கலாம், நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கே சேரும். லீஸ் காரில் பாலிசி உரிமையாளர் பெயரில் இருந்தால், ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டிச் சேரும் 50% போனஸ் உங்களுடன் வராது.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது இவை எதுவும் இல்லை. நடுவில் வேலையை விட்டால் என்ன ஆகும் என்பதுதான். ஈஎம்ஐக்கு நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள் என்பது பொருட்டில்லை. லீஸ் அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வைட்ஃபீல்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலை மாறினாலும், புதிய கம்பெனிக்கு அதே லீஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்து, அவர்களும் ஏற்றுக்கொண்டால் ஒழிய, கணக்கை முடித்தாக வேண்டும்.

நம் உதாரணத்தில் 24ஆம் மாதம் விலகுகிறீர்கள் என்று வைப்போம். லீஸில் நிலுவை 6.25 லட்சம். வாங்கும்போது உள்ளீட்டு வரவு எடுத்த வண்டியை விற்கும்போது, பழைய வண்டிகளுக்கான 'லாபத்தின் மேல் மட்டும் ஜிஎஸ்டி' சலுகை கிடையாது. முழு விலைக்கும் வரி. ஆக 7.38 லட்சம். கடனில் அதே நாளில் நிலுவை 6.54 லட்சம், அதையும் உடனே கட்டச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. 84,000 ரூபாய் வித்தியாசத்துக்கு எதிரே, இரண்டு ஆண்டில் மிச்சமான வரி 2.11 லட்சம். இன்னும் லீஸ்தான் முன்னால். இதன் மேல் வரும் ஃபோர்குளோஷர் (லீஸை முன்கூட்டியே முடிக்கும்) கட்டணம்தான் ஆளைக் கவிழ்ப்பது. அது மூன்று மாத வாடகை என்றால் 90,000 போய்க் கையில் 37,000 நிற்கும். 12ஆம் மாதமே விலகினால் அதே கட்டணத்தில் 46,000 நஷ்டம். கட்டணம் நிலுவையில் ஓரிரு சதவீதம் என்றால் ஓராண்டில் விலகினாலும் கை கடிக்காது. ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரிதான் லீஸை லாபமாகவோ நஷ்டமாகவோ ஆக்குகிறது.

பணம் புரட்டும் நேரமும் குறைவு. இறுதி செட்டில்மென்ட் அன்று 7 லட்சத்தை மொத்தமாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய கார் கடன் எடுக்க வேண்டும், அதன் வட்டி புதிய காருடையதைவிட அதிகம். காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால், ஏலத்தில் போன விலைக்கும் நிலுவைக்கும் உள்ள குழியை நிரப்பச் சொல்லும் ஒப்பந்தங்களும் உண்டு. கையெழுத்துக்கு முன்பே 12, 24, 36ஆம் மாத ஃபோர்குளோஷர் தொகையை ஜிஎஸ்டியோடு அட்டவணையாகக் கேளுங்கள். தர மறுத்தால் கடனுக்குப் போங்கள். இரண்டு ஆண்டுக்கொரு முறை கம்பெனி மாறுகிற பழக்கம் உள்ளவருக்கும் கடன்தான்.

நான்கு ஆண்டும் இருந்துவிட்டால் இன்னொரு பொறி. எஞ்சிய மதிப்புக்கு வண்டியை உங்களுக்கு விற்பது லீஸ் நிறுவனமா, உங்கள் கம்பெனியா? கம்பெனி தன் காரை ஊழியருக்கு மாற்றினால், 3ஆம் விதியில் இருந்த முறைப்படி ஆண்டுக்கு 20% தேய்மானம், ஒவ்வொரு முறையும் குறைந்த மதிப்பின் மேல். 12 லட்ச வண்டி நான்கு ஆண்டில் 4.9 லட்சம் ஆகும். அதை 1 லட்சத்துக்குக் கொடுத்தால் மீதி 3.9 லட்சம் உங்கள் வருமானம், வரி 1.2 லட்சம். லாபத்தில் நாற்பது சதவீதம் ஒரே நாளில் போய்விடும். லீஸ் நிறுவனத்திடமிருந்து நேராக உங்களுக்கு இன்வாய்ஸ் வரும் ஏற்பாடா, பேரோல் எதையும் சேர்க்குமா என்பதை முதல் மாதமே கேட்டுவிடுவது நல்லது.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு சொல். அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூர், சேலம் என்று போய் வருவதற்குச் சிக்கல் இல்லை. லீஸ் நிறுவனத்தின் அனுமதிக் கடித நகல் ஒன்று வண்டியில் இருக்கட்டும். கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ நிரந்தரமாக மாறினால் கதை வேறு. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டி நின்றால் பதிவை மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 28இல் என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ற வரி, பிறகு கர்நாடகத்தில் மீதி வாழ்நாள் வரியைத் திரும்பக் கேட்பது. லீஸ் காரில் இதற்கெல்லாம் விண்ணப்பிக்க வேண்டியவர் ஆர்சியில் பெயர் உள்ளவர். அது லீஸ் நிறுவனமாக இருந்தால் நீங்கள் விண்ணப்பிக்க முடியாது. முதலில் லீஸை முடித்து, படிவம் 29, 30 போட்டு ஆர்சியை உங்கள் பெயருக்கு மாற்றி, அதன் பிறகு மாநிலம் மாற்றுவது சுலபம். கேமரா அபராதமும் உரிமையாளர் பெயருக்கே போகும். லீஸ் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் சேர்த்து உங்களிடம் வசூலிக்கலாம்.

மின்சாரக் கார் மட்டும் தனிக் கணக்கு. ஜிஎஸ்டி 5%தான் என்பதால் வாடகைக்குள் ஒளிந்த வட்டிக்கும் வரி குறைவு. ஐந்து ஆண்டு ஓடிய மின்சாரக் காருக்குச் சந்தை விலை இன்னும் நிலைபெறவில்லை. பேட்டரி பயத்தில் வாங்குபவர் அடிமாட்டு விலை கேட்கிறார். ஆகவே 48ஆம் மாதம் திருப்பிக் கொடுக்கும் உரிமை எழுத்தில் உள்ள லீஸாகப் பார்த்து எடுங்கள். எத்தனை கிலோமீட்டர் வரை, தாண்டினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, கீறலுக்கும் டயர் தேய்மானத்துக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.