கல்லூரிக் கோச்சை எட்டும் வழிகள்: எது பலிக்கிறது, எது பணத்தைத் தின்கிறது

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் ஒரு விளையாட்டை முழுமூச்சாக எடுத்துக்கொண்ட பிள்ளை வீட்டில் இருந்தால், பத்தாம் வகுப்புக்கு அப்புறம் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும். கல்லூரிக் கோச்சின் கண்ணில் எப்படிப் படுவது? ஈமெயிலா, போனா, கல்லூரித் தளத்தில் இருக்கும் படிவமா, எக்ஸில் (பழைய ட்விட்டரில்) நேரடிச் செய்தியா, கோடை முகாமா, இல்லை பணம் கட்டி ஒரு ஏஜென்சியைப் பிடிப்பதா? என் மகள் நீச்சலில் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் போடுகிறவள். இரண்டு வருடத்தில் இவற்றில் பெரும்பாலானதைத் தொட்டுப் பார்த்துவிட்டோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை தானே உட்கார்ந்து எழுதும் ஈமெயிலுக்கு ஈடாக வேறு எதுவும் இல்லை. மற்றவற்றில் சில அதற்குத் துணை நிற்கும், சில அதுகூட இல்லை.

வழிகளைப் பார்க்கும் முன் நாள்காட்டியைப் பார்த்துவிட வேண்டும். கல்லூரி விளையாட்டுக்கு விதி போடும் பெரிய அமைப்பு என்சிஏஏ. அதன் மேல்தட்டான டிவிஷன் ஒன்னில், நீச்சல் உட்படப் பல விளையாட்டுகளுக்கு, பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15தான் கதவு திறக்கும் நாள். சாஃப்ட்பால், லக்ராஸ் போன்றவற்றுக்குப் பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1. அதற்கு முன் பிள்ளை எத்தனை கடிதம் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் அணியில் சேர்ப்பதைப் பற்றி கோச் பதில் எழுதக் கூடாது. அவர் அனுப்பக்கூடியது படிவம், முகாம் விளம்பரம் மாதிரி சிலது மட்டும்தான். ஒன்பதாம் வகுப்பில் எழுதிவிட்டு, பதில் இல்லையே என்று மனம் உடைந்துபோகும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கோச்சின் வாயை விதி கட்டியிருக்கிறது என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். என்சிஏஏவின் மூன்றாம் தட்டான டிவிஷன் த்ரீயிலும், என்ஏஐஏ என்ற தனி அமைப்பிலும் ஈமெயிலுக்கோ போனுக்கோ இப்படித் தேதித் தடை கிடையாது. டிவிஷன் த்ரீயில் விளையாட்டு உதவித்தொகை இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

சரி, ஈமெயில். இதில் பாதி வேலை தலைப்பு வரியிலேயே முடிந்துவிடுகிறது. 'உங்கள் அணியில் சேர ஆர்வம்' என்று எழுதினால், அதே வரி இன்னும் ஐம்பது பிள்ளைகளிடமிருந்து வந்து கிடக்கும். '2027 பேட்ச், 100 யார்டு பிரெஸ்ட் 1:05.2, 200 யார்டு 2:21' என்று எழுதினால், திறக்காமலே கோச்சுக்கு ஒரு கணக்கு கிடைத்துவிடும். உள்ளே பள்ளி, கிளப், ஜிபிஏ (மதிப்பெண் சராசரி), அடுத்த பெரிய போட்டி எப்போது, கிளப் கோச்சின் எண். அப்புறம் ஒரே ஒரு பத்தி, இந்தக் கல்லூரி ஏன் என்று. அந்தப் பத்தியை எழுதத்தான் வீட்டுப்பாடம் தேவை. ஸ்விம்கிளவுட் என்ற நீச்சல் தளத்தில் அந்த அணியின் நேரங்களும் அவர்களுடைய கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் போட்டிக் குழு) சாம்பியன்ஷிப் முடிவுகளும் கிடைக்கும். நம் பிள்ளையின் நேரம் அங்கே புள்ளி எடுக்குமா, எடுக்காதா? கோச் பார்க்கப்போவதும் அதையேதான். புள்ளி எடுக்கும் இடத்துக்கு எழுதினால் பதில் வருகிறது. பேருக்காக எழுதினால் வருவதில்லை.

ஒரு தப்பு செய்தேன், மற்ற பெற்றோருக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். முதல் ஏழெட்டு ஈமெயில்களை மகள் பெயரில் நான்தான் எழுதினேன். வழவழவென்ற ஆங்கிலம், ஆபீஸ் கடிதம் மாதிரி. ஒரு கோச் பதில் போட்டார், 'உன் டர்ன்களில் (சுவரைத் தொட்டுத் திரும்புவதில்) உனக்கே எது திருப்தியாக இல்லை?' என்று. எனக்கு என்ன தெரியும்? 'அப்பா, இனிமேல் நானே எழுதுகிறேன்' என்று மகள் லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள். சுவரைத் தொட்ட பிறகு நீருக்கடியில் இழுக்கும் அந்த ஒரு இழுப்பை, மூச்சு முட்டுவதால் சீக்கிரமே முறித்துக்கொள்கிறேன் என்று நான்கு வரியில் எழுதினாள். அந்தக் கோச்சோடு கடிதப் போக்குவரத்து மாதக்கணக்கில் நடந்தது.

படிவம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்து நிமிட வேலை, நிரப்பிவிடுங்கள். பிள்ளையின் பெயர் அணியின் பட்டியலில் ஏறும், அவ்வளவுதான். அதை நிரப்பிவிட்டு ஈமெயில் எழுதாமல் விடுவது, விண்ணப்பம் வாங்கிவிட்டுப் போடாமல் வைத்திருப்பதைப் போல.

நேரடிச் செய்தி விளையாட்டைப் பொறுத்தது. அமெரிக்க கால்பந்தில் எக்ஸ்தான் சந்தை. ஹடில் என்ற விளையாட்டு வீடியோத் தளத்தில் இருக்கும் தன் ஆட்ட வீடியோவைத் தன் பக்கத்தின் உச்சியில் நிறுத்தி வைத்துவிட்டு கோச்சுகளுக்குச் செய்தி போடுவது அங்கே சாதாரணம். 2016 முதல் கோச்சுகள் பிள்ளைகளின் பதிவை லைக் செய்யலாம், மறுபகிர்வு செய்யலாம் என்பதால் ஒரு லைக்கையே செய்தியாகப் படிக்கிறார்கள். நீச்சல், தடகளம் மாதிரி கடிகாரம் பேசும் விளையாட்டுகளில் இதற்கு அவ்வளவு மதிப்பில்லை.

போனைத்தான் எல்லோரும் ஒதுக்குகிறார்கள், பதினாறு வயசுக்காரர்களுக்குப் போன் என்றாலே நடுக்கம். ஆனால் ஈமெயிலால் ஆகாத ஒன்று போனால் ஆகும். பிள்ளை எப்படிப் பேசுகிறது, கேள்வி கேட்கிறதா, கேட்டதற்கு யோசித்துப் பதில் சொல்கிறதா என்று கோச் கேட்டுவிடுவார். தேதிக்கு முன் கூப்பிட்டால், பிள்ளையே கூப்பிட்டாலும், டிவிஷன் ஒன் கோச் அணிப் பேச்சைப் பேச முடியாது. அதனால் முதலில் ஈமெயில், தேதி வந்ததும் நேரம் குறித்துக்கொண்டு போன் என்பதுதான் வரிசை. நாலு கேள்வியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 'என் பிரிவில் உங்களிடம் எத்தனை பேர், அவர்கள் எப்போது முடித்துப் போகிறார்கள்?' என்பது அதில் கட்டாயம் இருக்கட்டும்.

அந்தக் கேள்வி முன்பைவிட இப்போது முக்கியம். கல்லூரி மாற நினைக்கும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்ததிலிருந்து, ஏற்கெனவே கல்லூரியில் நீந்திக்கொண்டிருக்கும் இருபது வயசுக்காரரும் அதே இடத்துக்குப் போட்டி. போதாததற்கு, கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்து, 2025 ஜூனில் அங்கீகரிக்கப்பட்ட ஹவுஸ் வழக்குச் சமரசத்தில் சேர்ந்த டிவிஷன் ஒன் கல்லூரிகளில் ஒரு அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கே உச்சவரம்பு வந்துவிட்டது. உதவித்தொகை இல்லாமல் வாக்-ஆனாக ஒட்டிக்கொள்ளும் பழைய வழி அங்கெல்லாம் சுருங்கிப்போச்சு.

முகாமா ஏஜென்சியா என்று கேட்டால், முகாம். ஆனால் கோச்சோடு ஏற்கெனவே கடிதத் தொடர்பு இருந்தால் மட்டும். பெயர் அச்சிட்ட அழகான அழைப்பு வந்தால் அது தேர்வு அல்ல. பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் போவது. தொடர்பு இருக்கிற இடத்தில் மூன்று நாள் அதே குளத்தில் நீந்துவது வேறு, பலன் தரும்.

ஏஜென்சிகள் ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கின்றன. அவர்கள் செய்வது பிள்ளைக்கு ஒரு இணையப் பக்கம் உருவாக்குவது, வீடியோ வெட்டுவது, கோச்சுகளின் ஈமெயில் பட்டியல் தருவது. அந்த முகவரிகள் கல்லூரி அணிகளின் தளங்களிலேயே இலவசமாக இருக்கின்றன. வீட்டில் யாருக்கும் நேரமே இல்லையென்றால் யோசிக்கலாம். ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. கிடைக்கும் உதவித்தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்பவரிடம் கையெழுத்துப் போட்டால் பிள்ளையின் ஆடும் தகுதியே போய்விடலாம், என்சிஏஏ விதி அப்படி. அந்தப் பணத்தில் கால்வாசிக்கு இரண்டு கல்லூரிகளை நேரில் போய்ப் பார்த்து வந்தோம், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ முயல்கிறவர்களுக்கு முகாம் எட்டாது, அதனால் ஈமெயிலின் எடை இன்னும் கூடும். மீட்டரில் உள்ள நேரத்தை யார்டுக்கும் மாற்றி இரண்டையும் எழுதுங்கள். இந்தியாவிலிருந்து போனவர்கள் அங்கே சாதித்த வரலாறு உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008இல் என்சிஏஏ டென்னிஸ் ஒற்றையர் பட்டம் வென்றார். கான்சாஸ் ஸ்டேட்டுக்காக தேஜஸ்வின் சங்கர் 2018, 2022இல் உயரம் தாண்டுதலில் வென்றார். கோச்சுகளுக்கு இந்தியப் பெயர் புதிதல்ல.

கடைசியாக, பதில் வரவில்லை என்றால் ஒரே கடிதத்தைத் திரும்ப அனுப்பாதீர்கள். புது நேரம் போட்டதும், புது மதிப்பெண் வந்ததும், பழைய கடிதத்துக்குக் கீழேயே மூன்று வரி சேர்த்து அனுப்பலாம். எங்களுக்கு ஒரு கல்லூரி ஐந்தாவது கடிதத்துக்குத்தான் வாய் திறந்தது, 1:05 என்பது 1:04 ஆன வாரத்தில்.