காரைக்குடி நரம்பு கிளினிக் - பார்க்கின்சன் (நடுக்குவாத நோய்) இருக்கவங்க வீட்டாளுக அவசியம் படிங்க

எங்க அப்பத்தாவுக்கு வலது கை நடுக்கம், நடையும் ரொம்ப ஸ்லோ ஆயிருச்சு, வயசானா அப்படித்தான்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க, நாங்க கேக்காம காரைக்குடில இருக்க இந்த கிளினிக்குக்கு கூட்டிட்டு போனோம். டாக்டர் எடுத்த எடுப்புல ஸ்கேன் எழுதல. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து சேத்து தட்டுங்க ஆத்தான்னாரு, தட்டத் தட்ட விரல் விரியுறது குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, அப்புறம் பேர எழுதச் சொன்னாரு, எழுத்து போகப் போக பொடிசாயிருச்சு. இது பார்க்கின்சன்ல முக்கியமா பாக்குற அடையாளமாம். 1817லயே ஜேம்ஸ் பார்க்கின்சன்ங்கிற இங்கிலாந்து டாக்டர் எழுதி வச்ச நோய் இது.

மூளைத்தண்டுல டோபமின்ங்கிற, உடம்பு அசைவுக்கு வேண்டிய ரசாயனத்த சுரக்குற செல்லுங்க அழியுறதுதான் காரணம், டோபமினையே மாத்திரையா குடுத்தா ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள போகாது, அதான் லெவோடோபாங்கிற மாத்திரை, அது உள்ள போய் டோபமினா மாறிக்கும்னு பொறுமையா சொன்னாரு. நோயை அடியோட தீக்குற மருந்து இன்னும் வரலங்கிறதையும் மறைக்கல. அது எனக்கு பெரிய மரியாதை. கறி, பருப்பு சாப்பாட்டோட போட்டா புரோட்டீன் மருந்த உறிஞ்ச விடாது, அரைமணி நேரம் முன்னாடியே போடுங்கன்னாரு, நேரம் மாத்துனதுல நல்ல வித்தியாசம் தெரியுது, இப்ப சேலைக் கொசுவத்த அப்பத்தாவே வைக்குது.

ஒரே குறை, கிளினிக் மாடில, லிஃப்ட் கிடையாது. நடக்க முடியாதவங்க வர்ற எடத்துல இது தப்புங்க, கீழ ஒரு ரூமாச்சும் போடணும். டோக்கன் காலைலயே போட்டுருங்க.