சோதனைக் களஞ்சியம் எப்போதும் திறந்திருக்கும் ஒரு மடிக்கணினி: நீண்ட நாள் அனுபவம்

என் அன்றாட மடிக்கணினியில் ஓடுவது ஃபெடோரா லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் நிலையான வெளியீடு. எழுத்து வேலை, நிரல், வீடியோ அழைப்பு எல்லாம் அதில்தான். மென்பொருள்கள் இறங்கும் இணையக் கிடங்குகளைக் களஞ்சியம் என்போம். அவற்றில் வழக்கமாக அணைந்தே கிடக்கும் 'அப்டேட்ஸ் டெஸ்டிங்' என்ற சோதனைக் களஞ்சியத்தை மட்டும் பல ஆண்டுகளாகத் திறந்தே வைத்திருக்கிறேன். மற்றவர்களுக்குப் போவதற்குச் சில நாள் முன்பே அப்டேட்கள் எனக்கு வந்துவிடும். வந்ததைப் பயன்படுத்திப் பார்த்து, இதை அனுப்பலாமா கூடாதா என்று சொல்வது என் பங்கு. இதற்குத் தனித் தகுதி எதுவும் வேண்டாம், ஒரு ஃபெடோரா கணக்கு போதும்.

கணினி அடிக்கடி கவிழாதா என்று கேட்பார்கள். கவிழாது. பெரும்பாலான அப்டேட்கள் வந்த சுவடே தெரியாமல் உட்கார்ந்துகொள்ளும். சிரமம் அங்கேதான் இருக்கிறது. எதுவுமே மாறாதது போல் தெரியும் ஒரு அப்டேட்டைப் பற்றி, நேர்மையாக என்ன கருத்துச் சொல்வது?

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பேக்கேஜை, அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் பொதியை, பராமரிப்பவர் புதிய பதிப்பைக் கட்டி முடித்ததும், 'போதி' என்ற வலைச்செயலியில் அதை ஓர் அப்டேட்டாகப் பதிகிறார். எந்தப் பிழைகளைத் தீர்க்கிறது, பாதுகாப்புத் திருத்தமா சாதாரணத் திருத்தமா என்றெல்லாம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அது சோதனைக் களஞ்சியத்துக்கு வரும். என்னைப் போன்றவர்கள் நிறுவிப் பார்த்துவிட்டு +1 அல்லது -1 போடலாம். இதற்குக் 'கர்மா' என்று பெயர். பராமரிப்பாளர் வேறு எண் வைக்காவிட்டால், கூட்டுத்தொகை +3 ஆனதும் அப்டேட் தானாக நிலையான களஞ்சியத்துக்கு நகரும். -3 ஆனால் திரும்பப் பெறப்படும். வாக்கே விழாவிட்டாலும் சாதாரணப் பேக்கேஜ் என்றால் 7 நாள், கெர்னல் (இயங்குதளத்தின் கரு), சிஸ்டம்டி (கணினியைத் துவக்கிச் சேவைகளை நடத்துவது), ஜிலிப்சி (ஏறத்தாழ எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படைத் தொகுப்பு) போன்ற முக்கியப் பேக்கேஜ் என்றால் 14 நாள் கழித்துப் போய்விடலாம்.

கடைசியாகச் சொன்ன அந்த விதியைப் பற்றித்தான் இத்தனை ஆண்டுகளில் என் கருத்து மாறியிருக்கிறது. ஆரம்பத்தில் அந்த 7 நாளை ஒரு பாதுகாப்புச் சுவர் என்று நினைத்திருந்தேன். ஆனால் நாள் தானாக எதையும் சோதிப்பதில்லை. அந்த ஒரு வாரத்தில் நாலு பேர் அந்த நிரலைத் திறந்து வேலை செய்திருந்தால் அது சோதனை. யாரும் தொடவில்லை என்றால் அப்டேட் வெறுமனே ஒரு வாரம் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். டெஸ்க்டாப், உலாவி, கெர்னல் போன்றவற்றுக்குச் சில மணி நேரத்திலேயே வாக்குகள் குவிந்துவிடும். ஸ்கேனர் கருவிக்கோ, அரிதான ஒரு கோப்பு வடிவத்தைப் படிக்கும் நிரல்தொகுப்புக்கோ ஒரு வாக்குகூட விழாமல் நாள் கணக்கில் கடந்துபோவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். போதியின் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே பச்சை நிறம்தான்.

அதனால் என் பழக்கம் இப்படி ஆகிவிட்டது. வாக்குகள் ஏற்கெனவே விழுந்துவிட்டவற்றை நிறுவுவேன், கருத்து எதுவும் போட மாட்டேன். யாரும் சீண்டாதவற்றைத்தான் உட்கார்ந்து பார்ப்பேன்.

பார்ப்பது என்றால் என்ன? அப்டேட் தீர்ப்பதாகச் சொல்லும் பிழை தீர்ந்ததா என்று பார்ப்பது எளிய பாதி. பெரும்பாலும் அதைப் பராமரிப்பாளரே பார்த்திருப்பார். கடினமான பாதி, நேற்று வேலை செய்த எது இன்று நின்றிருக்கிறது என்பது. நிலையான வெளியீட்டைப் பயன்படுத்துபவர் பழைய பிழையோடு ஏற்கெனவே வாழப் பழகியிருப்பார், அதற்கு ஒரு மாற்றுவழியும் வைத்திருப்பார். முளைத்து வரும் புதுக் கோளாறுக்கு அவரிடம் ஒன்றும் இருக்காது. அதனால் அப்டேட் குறிப்பில் எழுதாத இடங்களில்தான் நான் கை வைப்பேன். கெர்னல் என்றால் மடிக்கணினியை மூடித் திறப்பேன், இரண்டாம் திரையைச் செருகிப் பிடுங்குவேன், புளூடூத் ஹெட்செட்டை இணைப்பேன், பெரிய கோப்பு ஒன்றை வெளி வட்டில் நகலெடுப்பேன். நெட்வொர்க் தொடர்பானது என்றால் விபிஎன், கைப்பேசி வழி இணைப்பு, உறக்கத்திலிருந்து எழுந்த பின் வைஃபை திரும்புகிறதா என்பது. அச்சு தொடர்பானது என்றால் இருபக்க அச்சு. ஒருபக்கம் அச்சடித்துப் பார்த்துவிட்டு +1 போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

எழுத்துரு பேக்கேஜ்களை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பேன். எழுத்துருவுக்கோ, எழுத்துகளைக் கோத்துத் திரையில் அமைக்கும் நிரல்தொகுப்புக்கோ அப்டேட் வந்தால் பலர் ஆங்கில வரியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் தமிழில் கொம்பு, கொக்கி, 'க்ஷ', 'ஸ்ரீ' எல்லாம் வரும் ஒரு பத்தியைத் தயாராக வைத்திருக்கிறேன். அதை உலாவியிலும் ஆவணச் செயலியிலும், கட்டளைகளைத் தட்டும் முனையத்திலும் ஒட்டிப் பார்ப்பேன். மூன்றிலும் முடிவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. முந்தைய பதிப்பைவிட மோசமாகாமல் இருந்தால் போதும்.

கருத்துப் போடுவதற்கு வலைப்பக்கத்தையே நம்ப வேண்டியதில்லை. 'ஃபெடோரா ஈஸி கர்மா' என்று முனையத்தில் ஓடும் ஒரு சிறு கருவி இருக்கிறது. நம் கணினியில் சோதனைக் களஞ்சியத்திலிருந்து வந்த பேக்கேஜ்கள் எவை என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு வாக்கு வாங்கிக்கொள்ளும். வசதியான கருவிதான். வசதி கூடியதால் வந்த கேடும் உண்டு. பட்டியல் நீளமாக இருந்தால் விரல் தானாக +1, என்டர், +1, என்டர் என்று போகத் தொடங்கிவிடும். 'எனக்கு வேலை செய்கிறது' என்ற மூன்று சொல் கருத்துகளில் பாதி இப்படித்தான் பிறக்கின்றன என்பது என் சந்தேகம். அதைப் படிக்கும் பராமரிப்பாளருக்கு என்ன தெரியும்? அந்தப் பேக்கேஜ் எங்கோ ஒரு வட்டில் நிறுவப்பட்டிருக்கிறது என்பது மட்டும்தான்.

-1 போடுவது தனிக் கலை. ஒரே ஓர் எதிர்மறை வாக்கு விழுந்தாலும் தானாக நகர்வது நின்றுவிடும், பராமரிப்பாளர் பார்த்துக் கையால் முடிவெடுக்க வேண்டும். அவ்வளவு கனமான பொத்தான் அது. ஆனால் 'இந்தப் பதிப்பிலும் என் பழைய பிரச்சினை தீரவில்லை' என்று சொல்லி அதை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அப்டேட் அந்தப் பிரச்சினையைத் தீர்ப்பதாகச் சொல்லவே இல்லை, புதிதாக எதையும் கெடுக்கவும் இல்லை. அதைத் தடுத்தால் மற்றவர்களுக்கு வர வேண்டிய நல்ல திருத்தம்தான் தடைபடும். இதனால்தான் போதியில் ஒட்டுமொத்த வாக்கு தனி, ஒவ்வொரு பிழைக்குமான வாக்கு தனி என்று வைத்திருக்கிறார்கள். பழைய பிழை தீரவில்லை என்றால் அந்தப் பிழையின் வரிசையில் மட்டும் எதிராகப் போட்டுவிட்டு, மொத்தத்துக்கு ஆதரவோ நடுநிலையோ தரலாம். இந்தப் பிரிவு எனக்கு மிகவும் பிடித்த அம்சம். பயன்படுத்துவோர்தான் குறைவு.

ஒருமுறை ஒலி தொடர்பான ஓர் அப்டேட் வந்தது. வாக்குகள் நன்றாக ஏறிக்கொண்டிருந்தன. எனக்கும் பாட்டுக் கேட்டது, அழைப்பில் குரல் போனது, எல்லாம் சரி. மடிக்கணினியை உறங்கவைத்து எழுப்பியதும் மைக் மட்டும் ஊமையாகிவிட்டது. மறுதுவக்கம் செய்தால் திரும்பியது, மறுபடி உறங்கினால் போனது. பழைய பதிப்புக்கு இறக்கிப் பார்த்தேன், கோளாறு இல்லை. மறுபடி ஏற்றினேன், வந்தது. இந்த ஏற்றி இறக்கிப் பார்ப்பதுதான் முக்கியம். அன்று காலையே கெர்னலும் மாறியிருந்ததால், குற்றவாளி எது என்று வேறு வழியில் சொல்லியிருக்க முடியாது. வன்பொருள் பெயர், இரண்டு பதிப்பு எண்கள், உறக்கத்துக்குப் பின்னான பதிவுக் குறிப்பு ஆகியவற்றோடு -1 போட்டேன். மறுநாளே இன்னொருவர் வேறு மாதிரி மடிக்கணினியில் அதையே உறுதிசெய்தார். அப்டேட் திரும்பப் பெறப்பட்டு, சில நாளில் திருத்திய பதிப்பு வந்தது. நிலையான களஞ்சியத்தை மட்டும் பயன்படுத்துவோர் இப்படி ஒன்று நடந்ததையே அறிந்திருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் இயந்திரமே பார்க்கக் கூடாதா? ஒரு பகுதியைப் பார்க்கிறது. 'ஓப்பன்கியூஏ' என்ற அமைப்பு மெய்நிகர் கணினிகளில், அதாவது மென்பொருளாலேயே உருவாக்கிய கணினிகளில், அப்டேட்டை நிறுவி, துவங்குகிறதா, உள்நுழைய முடிகிறதா, டெஸ்க்டாப் செயலிகள் திறக்கின்றனவா என்று திரையைப் பார்த்தே சோதிக்கும். முக்கியப் பேக்கேஜ்கள் இதில் தோற்றால் நகர முடியாது. இது வந்த பிறகு, துவங்கவே மாட்டேன் என்கிற மாதிரியான பெரிய உடைப்புகள் என் கைக்கு வருவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் மெய்நிகர் கணினிக்கு மூடி கிடையாது, புளூடூத் கிடையாது. உறங்கி எழும் மைக் அதற்குத் தெரியாது.

இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் வழி வேறு. அங்கே வாக்கெடுப்பு இல்லை. நிலையான வெளியீட்டுக்குப் போகும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிழை அறிக்கையில் தாக்கம் என்ன, எப்படிச் சோதிப்பது, எங்கே பிரச்சினை வரக்கூடும் என்று எழுத வேண்டும். அந்த மூன்றாவது கேள்விக்காகவே அந்த நடைமுறையை மதிக்கிறேன்; உடையக்கூடிய இடத்தை அப்டேட் தருபவரே முன்கூட்டி யோசிக்க வேண்டியிருக்கிறது. அங்கே சோதனைக் களஞ்சியமாக இருக்கும் 'ப்ரொபோஸ்ட்' பகுதிக்கு வந்ததும், எழுதிய சோதனைமுறைப்படி யாராவது பார்த்துச் சரிபார்த்ததாகக் குறியிட வேண்டும். குறைந்தது 7 நாள் கழித்துத்தான் அது வெளியேறும். வெளியேறியதும் எல்லோருக்கும் ஒரேயடியாகப் போகாது. படிப்படியாக இத்தனை சதவீதம் என்று விரியும், பிழை அறிக்கைகள் எகிறினால் நின்றுவிடும். இந்தப் படிப்படி முறையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன், ஃபெடோராவில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் என்னைப் போல வெறுமனே எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்ப்பவருக்கு உபுண்டுவில் சொல்ல இடம் குறைவு.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் இன்னும் நிதானம். திருத்தங்களை வெளியீட்டுக் குழு ஒவ்வொன்றாகப் பார்த்து அனுமதித்து, ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வெளியிடும். இவ்வளவு நிதானத்திலும் 2023 டிசம்பரில் ஒன்று நழுவியது. 12.3 வெளியீட்டோடு வந்த 6.1.64 கெர்னலில், வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் இஎக்ஸ்டி4 கோப்புமுறையின் தரவையே கெடுக்கக்கூடிய பிழை இருந்தது. துணையாக வர வேண்டிய இன்னொரு மாற்றம் இல்லாமல் ஒரு திருத்தம் மட்டும் பழைய கெர்னல் கிளைக்குக் கொண்டுவரப்பட்டதே காரணம். 12.3-ன் நிறுவல் படிமங்களை நிறுத்திவைத்து, சரிசெய்த கெர்னலோடு உடனே 12.4-ஐ வெளியிட்டார்கள்.

மாறாக, காத்திருப்பு காப்பாற்றிய கதையும் உண்டு. 2024-ல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது அனுமதியின்றி உள்ளே நுழையும் ரகசிய வழி, ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. டெபியனின் நிலையற்ற கிளை, ஃபெடோரா 40 பீட்டாவின் சோதனைக் களஞ்சியம் வரை அது வந்துவிட்டது. மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் அதை அம்பலப்படுத்தினார். அவர் அதைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. வேறொரு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாகிறதே என்று துருவியதில்தான் சிக்கியது. அந்தப் பதிப்புகள் டெபியனின் நிலையான வெளியீட்டுக்குப் போகவில்லை. பாதுகாப்புக்காக எழுதப்பட்ட எந்தச் சோதனையும் பிடிக்காததை, தன் கணினி வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்கிறது என்று கவனித்த ஒருவர் பிடித்தார்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: எடுத்த எடுப்பில் களஞ்சியம் முழுவதையும் திறக்க வேண்டாம். உங்களை உறுத்தும் பிழைக்கான அப்டேட் சோதனைக்கு வந்திருந்தால், அதை மட்டும் நிறுவும் கட்டளை அந்த அப்டேட்டின் பக்கத்திலேயே இருக்கும். ஃபெடோரா மூன்று கெர்னல்களை வைத்திருக்கும், அதனால் புதியது சொதப்பினால் துவக்கப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்துவிடலாம். மற்ற பேக்கேஜ்களை, ஃபெடோராவில் மென்பொருளை நிறுவும் கருவியான டிஎன்எஃப்-பின் வரலாற்றிலிருந்து பின்வாங்கலாம், ஆனால் புதிய பதிப்பு தன் தரவுக் கோப்பின் வடிவத்தை மாற்றியிருந்தால் பழைய பதிப்பு அதைப் படிக்காது. மின்னஞ்சல் செயலி, குறிப்புச் செயலி போன்றவற்றைச் சோதிக்கும் முன் நகல் எடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் முக்கியமான வேலை இருக்கும் கணினியில் இதை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

எனக்கு மிச்சமிருக்கும் பெரிய குறை, பழைய வெளியீட்டின் நிலைமை. ஃபெடோராவின் ஒவ்வொரு வெளியீடும் ஏறத்தாழ 13 மாதம் ஆதரவில் இருக்கும், ஆகவே எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு வெளியீடுகளுக்கு அப்டேட் வந்துகொண்டிருக்கும். சோதிக்கிறவர்கள் ஆர்வக்காரர்கள், எல்லோரும் புதியதற்குத் தாவிவிடுகிறோம். ஒரே திருத்தம் புதியதில் ஏழெட்டுக் கருத்து வாங்கும், பழையதில் ஒன்றுமே இல்லாமல் நாள் கணக்கை நிரப்பிவிட்டு நகரும். அவசரம் வேண்டாம் என்று பழையதிலேயே தங்கியவர்களுக்குத்தான் குறைவாகச் சோதித்தது போகிறது. அதற்காகப் பழைய வெளியீட்டை ஒரு மெய்நிகர் கணினியில் வைத்திருக்கிறேன். வாரக் கடைசியில் அதைத் திறந்து, வாக்கே விழாத அப்டேட்களில் எனக்குப் பழக்கமான இரண்டு மூன்றை எடுத்துப் பார்க்கிறேன். வன்பொருள் சார்ந்தவற்றை அதில் சோதிக்க முடியாது. கட்டளைவரிக் கருவிகள், எழுத்துருக்கள், கோப்பு வடிவங்கள் போன்றவற்றுக்கு அது தாராளமாகப் போதும்.