காரைக்குடி பக்கம் மனநல ஆலோசனைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன வருஷம் என் மகள் வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எங்களுக்குச் சம்மதம்தான். ஆனால் பங்காளி வீடுகளிலிருந்து விசேஷத்துக்குச் சொல்லி வருவது நின்றுபோனது. பங்காளிகள் சேர்ந்து முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குக்கூட எங்களைக் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் சரியான தூக்கமில்லை.

காரைக்குடியில் ஒரு ஆலோசகரிடம் போனேன். ஒரு தடவைக்கு 800 ரூபாய், பத்துத் தடவைக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னார். 8,000 கட்டினேன். அதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

மூன்றாவது தடவை படைப்பு விஷயத்தைச் சொல்லி அழுதுகொண்டிருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, “இதெல்லாம் அந்தக் கட்சிக்காரங்க பேச்சால வந்தது ஆச்சி. உங்க பொண்ணுக்குத்தான் மனசு சரியில்ல, கூட்டிட்டு வாங்க” என்றார். அப்புறம் இருபத்தைந்து நிமிடம் அவரே அரசியல் பேசினார். என் கைக்குட்டை மடியில் நனைந்தபடியே கிடந்தது. நாலாவது தடவை மகள் பெயரையே நான் எடுக்கவில்லை. தலைவலி என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

“அவர் எந்தக் கட்சியா இருந்தா உனக்கென்ன?” என்கிறார் வீட்டுக்காரர். காய்ச்சலுக்கு ஊசி போடுகிறவர் என்றால் சரி. இங்கே நான் வாய் திறந்தால்தான் வைத்தியமே. அவர் யாருக்கு ஓட்டுப் போட்டாலும் அது அவர் பாடு. என் மகளைக் கட்சிக் கணக்கில் எழுதுகிறவர் முன்னால் நான் எதைச் சொல்லி அழுவது?

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஊரார் வைத்திருக்கும் சமூக, அரசியல் மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது. என் மகளைப் பார்க்காமலே அவர் கட்டியது அப்படிப்பட்ட முடிவைத்தான்.

பதிவு எண் கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு ஆச்சி?” என்று பேச்சை மாற்றினார். போர்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மீதி ஆறு தடவைக்கான 4,800 ரூபாயைத் தர மாட்டேன் என்றுவிட்டார். எழுத்தில் கேட்டிருக்கிறேன், விடப்போவதில்லை.

இப்போது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் பேசுகிறேன். இலவசம், இரவிலும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். முதல் நாள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். போனை எடுத்த பெண் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு, “கடைசியா எப்பம்மா நல்லாத் தூங்கினீங்க?” என்று கேட்டார்.