கூரை ஏசி குளிரவில்லையா? கேஸைப் பழி சொல்லும் முன்

வீடுபோல் தங்கிப் பயணிக்கும் வண்டிகளான அமெரிக்க மோட்டார்ஹோம்களின் கூரையில் இருக்கும் 13,500 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசியை நாலைந்து கோடை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அது செத்துப்போவது அபூர்வம், மூச்சுத் திணறுவதுதான் அடிக்கடி நடக்கும். குளிர் குறைந்ததும் வீட்டு ஏசிக்குச் சொல்வதைப் போல "கேஸ் போயிடுச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். இதன் கேஸ் சுற்று தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்பட்டது. பெரும்பாலான மாடல்களில் கேஸ் ஏற்றும் வால்வே கிடையாது. அதனால் கேஸைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் பழுது இருக்கிறதா என்றே அளந்து பாருங்கள். 20 நிமிடம் ஓடவிட்டு, ஏசி இழுக்கும் காற்றின் வெப்பத்தையும், ஏசிக்கு மிக அருகிலுள்ள துவாரத்தில் வரும் காற்றின் வெப்பத்தையும் தெர்மாமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அரிசோனா வெயிலில் உள்ளே 100 டிகிரி ஏறிய வண்டிக்குள் 80 டிகிரியில் காற்று வந்தால் அது பழுதில்லை. அங்கே காலையிலேயே ஏசியைப் போட்டுவிட வேண்டும், கூரை ஜன்னலை மூட வேண்டும். வேறு வழியில்லை.

அடுத்தது வோல்டேஜ். வண்டிகள் கரென்ட் எடுத்து நிற்கும் முகாமில், பிற்பகலில் எல்லா வண்டியும் ஏசி போடும்போது, 120 இருக்க வேண்டிய வோல்டேஜ் 105க்குக் கீழே சரிவதுண்டு. அந்த நிலையில் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் உறுமும், கரென்ட்டை அதிகமாக இழுக்கும், சூடாகி ஓவர்லோட் பாதுகாப்பு சுவிட்சால் நின்றுவிடும். 105க்குக் கீழே ஏசியை ஓட்டவே கூடாது. 30 ஆம்ப் இணைப்பில் ஏசி மட்டும் 13 ஆம்ப் எடுக்கும், வெயில் ஏற ஏற 15 வரை போகும். வெந்நீர் ஹீட்டரின் 1440 வாட் எலிமென்ட் இன்னொரு 12 ஆம்ப். அதற்கு மேல் மைக்ரோவேவ் போட்டால் பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் வோல்டேஜைச் சரியவைத்து இதே கேட்டைத்தான் செய்யும். பிளக்கைத் தொட்டால் சுட்டது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வோல்டேஜ் சரி, ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரசர் மட்டும் "ம்ம்ம்" என்று சில விநாடி முனகிவிட்டு 'டக்'கென்று நின்றால், அதைக் கிளப்ப உதவும் கெபாசிட்டரைத்தான் பார்க்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, ஜெனரேட்டரை நிறுத்தி, இன்வெர்ட்டரையும் அணைத்த பிறகே மேல்மூடியைக் கழற்றுங்கள். கரென்ட் போன பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், கை வைத்தால் தூக்கியடிக்கும். 20,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை முனைகளுக்கிடையே சில விநாடி வைத்து வடித்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க வைப்பது வேண்டாத வேலை. தட்டையாக இருக்க வேண்டிய தலை குடத்து மூடிபோல் மேடிட்டிருந்தால் மீட்டரே தேவையில்லை, மாற்றிவிடலாம். பார்க்க ஒழுங்காக இருந்தாலும் அளந்தே தீர வேண்டும். லேபிளில் போட்ட மைக்ரோஃபேரடிலிருந்து (கெபாசிட்டர் கொள்ளளவின் அலகு) 6 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அதே மைக்ரோஃபேரட், அதே அல்லது அதிக வோல்ட் உள்ளதை வாங்குங்கள்.

கம்ப்ரசரை ஒருமுறை நிறுத்தினால் மூன்று நிமிடமாவது விட்டுத்தான் மறுபடி போட வேண்டும். அழுத்தம் சமமாகாமல் கிளப்பினால் நல்ல கம்ப்ரசரும் முனகும்.

எல்லாம் ஓடுகிறது, ஆனாலும் குளிர் போதவில்லை. இந்தப் புகாரில் பலரும் பார்க்கத் தவறும் இடம் உள்கூரைத் தட்டுக்கு மேலே இருக்கிறது. குளிர்ந்த காற்று இறங்கும் பாதைக்கும் அறைக்காற்று ஏறும் பாதைக்கும் நடுவில் ஒரு தடுப்பு உண்டு. புது வண்டியிலேயே அது இடைவெளி விட்டிருக்கும், ஒட்டிய டேப் சூட்டில் உரிந்து தொங்கும். குளிர்ந்த காற்று அறைக்கு வராமலே திரும்ப உறிஞ்சப்பட்டு, ஏசி தன்னைத் தானே குளிர்வித்துக்கொண்டிருக்கும். ஸ்க்ரூக்களைக் கழற்றித் தட்டை இறக்கி, விரல் நுழையும் சந்தெல்லாம் அலுமினிய ஃபாயில் டேப்பால் ஒட்டுங்கள். சாதாரணத் துணி டேப் ஒரு கோடை தாங்காது. ஒரு சுருள் டேப்பில் கிடைக்கும் குளிர் புது ஏசி வாங்கினாலும் கிடைக்காது. சந்தை அடைக்காவிட்டால் புது ஏசியும் இதையேதான் செய்யும்.

உள்காற்றைக் குளிர்விக்கும் காயிலில் பனி கட்டினால் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது ஈரமான ஊரில் ஃபேனை மெதுவாக ஓடவிட்டிருக்கலாம். கூலிங்கை நிறுத்தி ஃபேனை மட்டும் வேகமாக ஓட்டினால் உருகிவிடும். திரும்பத் திரும்பக் கட்டினால், காயில் தகடுகளுக்கிடையே செருகியிருக்க வேண்டிய உறைவு சென்சார் நழுவி வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏசி கிளம்பவே இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் 12 வோல்ட் ஃபியூஸைச் சோதியுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, குளிர்விக்கும் காயில், சூட்டை வெளியேற்றும் காயில் இரண்டும் சுத்தமாக இருந்து, கம்ப்ரசர் லேபிளில் உள்ளதைவிட வெகுவாகக் குறைந்த ஆம்பில் ஓடி, காற்றின் வித்தியாசமும் 10 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் கேஸ் கசிந்திருக்கிறது. அப்போது முழு யூனிட்டையும் மாற்றுவதுதான் கணக்குக்குச் சரி. கூரைத் துளை பெரும்பாலும் 14 அங்குலச் சதுரம்தான், வேறு கம்பெனி ஏசியும் பொருந்தும். உள்ளிருந்து நான்கு போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கி, ரப்பர் கேஸ்கெட் அரை அங்குலத் தடிமனுக்கு அமுங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் முறுக்கினால் கேஸ்கெட் நசுங்கி மழைத்தண்ணீர் படுக்கைக்கு வரும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த நான்கையும் தொட்டுப் பாருங்கள், சாலை அதிர்வில் தளர்ந்திருக்கும்.