ஏழு நாள் லீவு, மூன்று திரைப்பட விழாக்கள்: சென்னையா, திருவனந்தபுரமா, கோவாவா?

நவம்பர் பிறந்தாலே சினிமாப் பைத்தியம் பிடித்த நண்பர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும்: "இருக்கிறதே ஒரு வாரம் லீவு, எந்த விழாவுக்குப் போகலாம்?" மூன்றுக்கும் போயிருக்கிறேன், மூன்றிலும் முட்டாள்தனம் பண்ணியிருக்கிறேன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் தேதி. கோவா விழா பெரும்பாலும் நவம்பர் 20 முதல் 28 வரை, அது தனி. சிக்கல் மற்ற இரண்டில்தான். 2024-ல் சென்னை விழா டிசம்பர் 12-ல் தொடங்கியது, திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள விழா 13-ல். இதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் இங்கே, மூன்று நாள் அங்கே என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. நானும் ஒருமுறை போட்டேன். ஓர் இரவும் பாதிப் பகலும் ரயிலிலேயே போனது, எந்தப் படத்துக்காகக் கிளம்பினேனோ அது நான் கொல்லம் தாண்டிக்கொண்டிருக்கும்போது அங்கே ஓடி முடிந்திருந்தது. ஒன்றைப் பிடியுங்கள், அதிலேயே இருங்கள்.

படப்பட்டியலை வைத்து விழாவைத் தேர்ந்தெடுப்பது அநேகமாக வீண் வேலை. கான், வெனிஸ், பெர்லின் என்று அந்த ஆண்டு பேசப்பட்ட படங்களில் கணிசமானவை மூன்று ஊருக்கும் வந்துவிடும். வித்தியாசம் ஓரங்களில் இருக்கிறது. கேரளத்தில் சுவர்ண சகோரம் விருதுக்கான போட்டிப் பிரிவே ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு மட்டும்தான். வேறெங்கும் கண்ணில் படாத ஒரு செனகல் படமோ பொலிவியப் படமோ உங்களை அடித்துப்போடும் வாய்ப்பு அங்கே அதிகம். கோவாவில் இந்தியன் பனோரமா என்ற பிரிவு, நம் நாட்டிலேயே நமக்குத் தெரியாத மொழிகளில் என்ன எடுக்கிறார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. சென்னையில் தமிழ்ப் படங்களுக்கென்று தனிப் போட்டி உண்டு, தியேட்டரில் மூன்றே நாளில் தூக்கிவிட்ட படத்தை அங்கே நல்ல திரையில் பிடித்துவிடலாம்.

சரி, செலவு. பாஸ் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கேரளத்தில் 2024-ல் ஜிஎஸ்டி சேர்த்து 1,180 ரூபாய், மாணவர்களுக்கு 590. காசு கரைவது அறையிலும் சாப்பாட்டிலும்தான், அதில் கோவா மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நவம்பர் கடைசி அங்கே சுற்றுலா சீசன், விழா நடக்கும் பணஜியில் நடந்து போகிற தூரத்தில் அறை வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே பிடிக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கே தங்கினால் போக வர வாடகை ஸ்கூட்டரிலேயே பாதி நாள் போய்விடும், அதுவும் படம் பணஜியில் ஒன்று, மாண்டவி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பர்வரியில் இன்னொன்று என்று அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சென்னைக்காரர்களுக்குச் சென்னை விழாதான் மலிவு என்று தோன்றும். கணக்குப்படி சரிதான், 2003-லிருந்து வீட்டு வாசலிலேயே நடக்கிறது, அறை வாடகை கிடையாது. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது, மூன்று வருடம் தொடர்ந்து நான் மாட்டிய பொறி. உள்ளூர்தானே என்று லீவு போட மாட்டோம். ஆபீஸ் முடித்துவிட்டு மாலைக் காட்சிக்குப் போய்விடலாம் என்று நினைப்போம். ஓஎம்ஆரில் ஐந்தரைக்குக் கிளம்பி, மத்திய கைலாஷில் நின்று, ராயப்பேட்டை மணிக்கூண்டு பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடி, மூச்சிரைக்க உள்ளே போனால் படம் இருபது நிமிடம் ஓடியிருக்கும். இருட்டில் யார் மடியிலோ உட்காரப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, ஓரத்தில் ஒரு சீட்டைப் பிடித்தால் பத்து நிமிடத்தில் வீட்டிலிருந்து போன்: வரும்போது பால் பாக்கெட் வாங்கி வா. அப்படி ஒரு வருடம் எட்டு நாளில் நான் முழுசாகப் பார்த்தது நான்கு படம். இத்தனைக்கும் அங்கே பகல் காட்சிகளில் கூட்டம் குறைவு, நல்ல ஒலி, நல்ல நாற்காலி, கால் நீட்டி உட்காரலாம். ஆகவே சென்னை என்றால் இரண்டு நாளாவது முழு லீவு போடுங்கள், வீட்டில் ஊருக்குப் போவதாகவே சொல்லிவிடுங்கள்.

வேறு கவனமே இல்லாமல் விழாவுக்குள்ளேயே இருப்பது என்ற இந்த ஒரு விஷயத்தில் திருவனந்தபுரம் ஜெயிக்கிறது, என் கணக்கில் மற்ற எல்லா விஷயத்திலும் ஜெயிப்பதற்கும் இதுவே காரணம். அந்த வாரம் ஊரே விழாவாக இருக்கிறது. ஆட்டோக்காரருக்கு டாகூர் தியேட்டரில் என்ன படம் என்று தெரிகிறது. 1996-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய விழா, அதற்கு முன்பே பல பத்தாண்டு ஃபிலிம் சொசைட்டிகள் வளர்த்துவிட்ட கூட்டம். தென்கொரிய இயக்குநர் கிம் கி-டுக் 2013-ல் வந்தபோது அவரை ஒரு சூப்பர் ஸ்டார் மாதிரி மொய்த்த ஊர் அது. தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று மூன்று தியேட்டர் ஒரே வளாகத்தில், அதன் முன்னால் படிக்கட்டு. படத்துக்கும் படத்துக்கும் நடுவே எல்லோரும் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், தலைமுடியை நீலமாக்கிய கல்லூரிப் பெண், நாகர்கோவிலிலிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோகிற நம்மூர் ஆள். "அந்த ஈரானியப் படம் போகலாமா?" என்று தமிழில் கேட்டாலே போதும், மூன்று பேர் மூன்று அபிப்பிராயம் சொல்வார்கள், இருவர் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஷெட்யூல் புத்தகம் சொல்லாததை அந்தப் படிக்கட்டு சொல்லிவிடும்.

கூட்டம்தான் அதன் தொல்லையும். ரிசர்வேஷன் திறந்த சில நிமிடங்களில் பேசப்படும் படங்கள் நிரம்பிவிடும், நிரம்பினாலும் கவலைப்படாமல் முன்பதிவு இல்லாதவர்களின் வரிசையில் முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய் நின்றால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். நின்று பாருங்கள், அந்த வரிசையிலேயே பாதி விழா நடந்துவிடும். கோவாவிலும் ஆன்லைன் முன்பதிவுதான், அங்கே மனிதர்களைவிட ஒழுங்கு அதிகம், பாதுகாப்புச் சோதனை அதிகம், அரட்டை குறைவு. ஒரே வரியில் சொன்னால் கோவா படம் எடுப்பவர்களின் விழா, திருவனந்தபுரம் படம் பார்ப்பவர்களின் விழா. கையில் ஒரு திரைக்கதையோ பாதி முடித்த படமோ இருந்தால் கோவாவுக்குத்தான் போக வேண்டும். கூடவே நடக்கும் ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தையில் 2007 முதல் தயாரிப்பாளர்களும் விழாத் தேர்வாளர்களும் ஒரே இடத்தில் வந்து உட்கார்கிறார்கள். என்னைப் போல வெறும் பார்வையாளருக்கு அங்கே கொஞ்சம் கல்யாண வீட்டில் அழைப்பில்லாமல் நுழைந்த மாதிரிதான் இருந்தது.

எந்த ஊராக இருந்தாலும் எனக்குப் பலித்தது இதுதான். ஒரு நாளைக்கு ஐந்து காட்சி இருந்தால் ஐந்தையும் பார்க்காதீர்கள். முதல் நாள் அந்த வீரத்தைக் காட்டினேன், மூன்றாம் நாள் ஒரு ஹங்கேரியப் படத்தில் நாற்பது நிமிடம் குறட்டை விட்டேன் என்று பக்கத்து சீட்டுக்காரர் அன்போடு தெரிவித்தார். மூன்று படம், நடுவில் ஒரு சாப்பாடு, ஒரு நடை. தம்பானூரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வட்டக் கோபுர இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறதே, உள்ளே சுழன்று ஏறும் சாய்தளத்தில் வரிசையாக மேசைகள், தோசைக்குள் பீட்ரூட் சிவப்பில் மசாலா. அங்கே அரைமணி உட்கார்ந்தால் பார்த்த படம் மண்டைக்குள் இறங்கும். அதை விட்டுவிட்டு அடுத்த தியேட்டருக்கு ஓடினால் இரண்டு படமும் கலந்து ராத்திரி எந்தப் பாட்டி எந்தப் படத்தில் செத்தார் என்றே தெரியாது.

அப்புறம், எல்லோரும் அடித்துக்கொள்ளும் பரிசுப் படத்தைத் தைரியமாக விட்டுவிடலாம். ஆறு மாதத்தில் அது ஏதாவது ஒரு ஓடிடியில் வந்துவிடும். பழைய இயக்குநர்களின் படங்களைத் தொகுத்துக் காட்டும் ரெட்ரோஸ்பெக்டிவ், சிதைவிலிருந்து மீட்டெடுத்த பழைய படத்தின் பிரதி, முதல் பட இயக்குநரின் படம், இவைதான் பெரிய திரையில் மறுபடி கிடைக்காதவை. அரைமணியில் பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள், குற்றமில்லை. ஓர இருக்கையில் உட்கார்ந்தால் பிறர் காலை மிதிக்காமல் வரலாம்.

இந்த வருடம் எனக்குத் திருவனந்தபுரம்தான். தம்பானூரில் நான்கு பேர் தங்கும் லாட்ஜ் அறை, மூன்று பேர் சேர்ந்தாகிவிட்டது. நான்காவது ஆள் குறட்டை விடாதவராக இருக்க வேண்டும் என்று மற்ற இருவரும் நிபந்தனை போட்டிருக்கிறார்கள், அது ஏன் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள் என்று தெரியவில்லை.